ஞாயிறு முடிந்து திங்கள் வந்தால்: தினசரி ஆராதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது சாத்தான்குளம் பக்கம் ஒரு தேரிக்காட்டு ஊர். பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப் போக வரும் அம்மாமாரும், வீட்டு ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது பெரியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள், அதனால் சொற்கள் அந்தப் பழக்கத்தில்தான் வரும். கத்தோலிக்கக் குடும்பங்களிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெயர்கள் கொஞ்சம் மாறலாம், விஷயம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறோம். அது போதாதா? தினமும் ஆராதனை என்று ஏன் சொல்கிறீர்கள்?

ரோமர் 12:1 நம்மில் பலருக்கு மனப்பாடம். "உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்" என்று கேட்டுக்கொண்டு, "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை" என்கிறார் பவுல். அந்த வசனத்தில் பாட்டும் இல்லை, பீடமும் இல்லை. சரீரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி பெஞ்சில் உட்காருகிற அதே சரீரம்தான் திங்கட்கிழமை குழாயடியில் நிற்கிறது, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் இடம் பிடிக்கிறது, புதன்கிழமை பிள்ளையைத் திட்டுகிறது.

ஞாயிறு வேண்டாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பாபநாசத்தில் அணையைத் திறந்துவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? தண்ணீர் வாய்க்கால் வழியாக நம் வயல் மடை வரைக்கும் வர வேண்டும். அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் வாய்க்காலை வெட்டி வைத்தும் பயன் இல்லை. இரண்டும் வேண்டும்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. மிஷன் காலத்து ஊர்களில், ஊர்ச்சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் தினமும் மணி அடிப்பார். ஜனங்கள் பனைவேலை, வயல்வேலை முடித்து, கைகால் கழுவிவிட்டு வந்து உட்காருவார்கள். வேதபாடம், பாட்டு, ஜெபம், அவ்வளவுதான். என் சிறு வயதில்கூட எங்கள் ஊரில் சாயங்கால மணி அடித்ததும் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் ஒரு நிமிடம் அப்படியே நிற்போம். நிற்கச் சொல்லி யாரும் கம்பெடுத்ததாக ஞாபகம் இல்லை. பெரியவர்கள் நின்றார்கள், நாங்களும் நின்றோம்.

எனக்கு நேரமே கிடைப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்காதீர்கள். கூட்டத்தில் பிரசங்கம் கேட்டுவிட்டு "நாளையிலிருந்து நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பேன்" என்று தீர்மானம் எடுத்தவர்கள் மூன்றாம் நாள் படுத்த இடத்தில் கிடந்து குற்ற உணர்வில் வேகிறதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கிடந்தவள்.

எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டிப் போடுங்கள். காலையில் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கும்போது ஒரு வசனம். எனக்கு அது சங்கீதம் 34இன் முதல் வசனம்: "கர்த்தரை நான் எக்காலத்திலும் ஸ்தோத்திரிப்பேன், அவர் துதி எப்போதும் என் வாயிலிருக்கும்." தாழ்ப்பாள் நீங்கும், வசனம் வரும். இப்போது தாழ்ப்பாளில் கை வைத்தாலே வாய் தானாகச் சொல்கிறது. அப்புறம் ராத்திரி அதே தாழ்ப்பாளைப் போடும்போது, அன்றைக்கு வாசல் தாண்டிப் போய் வந்த எல்லாருடைய பெயரையும் சொல்வேன். மொத்தமே இரண்டு நிமிடம்தான். அது வேர் பிடித்த பிறகு அரை மணி நேரம் உட்காருவது பெரிய காரியமாகத் தெரியாது.

கைபேசியைப் பார்க்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். மற்றபடி நேரம் உங்கள் வசதி.

பெரியவர்கள் "பிடி அரிசி" என்று சொல்கிறார்களே, அது என்ன? அதற்கும் ஆராதனைக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்டால் நான் கொஞ்ச நேரம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆச்சி அடுப்படியில் இரண்டு மண்பானை இருக்கும். பெரியதில் வீட்டு அரிசி. பக்கத்தில், வாயில் சின்ன விரிசல் விழுந்து சுண்ணாம்பு வைத்து அடைத்த ஒரு கலயம். உலை வைத்ததும் ஆச்சி நாழியால் அரிசி அளந்து முறத்தில் போடுவாள். போட்ட அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். போடும்போது உதடு அசையும், சத்தம் வராது. அதற்குப் பிறகுதான் அரிசியைக் களைவாள். ஞாயிறு வந்ததும் கலயத்து அரிசி பையில் விழுந்து கோயிலுக்குப் போகும். அங்கே எல்லார் வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி அளந்து விற்பார்கள். அந்தப் பணம் ஊழியத்துக்கு.

ஒரு வருடம் மழை பொய்த்து வீட்டில் அரிசி தட்டுப்பாடு. நான் கேட்டேன், "ஆச்சி, இன்னைக்கும் எடுக்கணுமா? நமக்கே காணாதே." ஆச்சி சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "வெந்த பொறவு எடுத்தா அது மிச்சம் மக்கா. உலையில போடுததுக்கு முன்னாடி எடுத்தாத்தான் காணிக்கை." அன்றைக்கு அவள் எடுத்த பிடி சின்னதாக இருந்தது. விரலை முழுக்க மடக்கி எடுத்தாள். ஆனால் எடுத்தாள்.

ஆராதனையைப் பற்றி எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது அந்த அடுப்படியில்தான். ஆச்சி வேலையை நிறுத்தவில்லை, முழங்கால் போடவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. வீட்டுக்காரர்களின் பசிக்கு முன்னால் ஆண்டவரை வைத்துவிட்டு, பிறகு பசிக்குச் சமைத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு உலை என்றால் இரண்டு ஆராதனை.

இந்த மாதிரிச் சிறு காணிக்கைகளின் பலம் சின்னது அல்ல. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஜனங்களின் காணிக்கையை நம்பித்தான் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னின்றவர். பிற்பாடு 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றார்.

இப்போது நாம் அரிசியைச் சிப்பமாக வாங்கி குக்கரில் வைக்கிறோம். பிடி அரிசியே வேண்டும் என்பதில்லை. டீக்கு எடுத்த காசிலிருந்து ஒரு நாணயம், கறி வாங்கிய அன்றைக்கு ஒரு பங்கு பக்கத்து வீட்டுக்கு, எதுவானாலும் சரி. செலவு செய்யும் முன் எடுங்கள், மிஞ்சிய பிறகு வேண்டாம்.

எழுதி வைத்த ஜெபத்தை வாசிப்பதா, மனதிலிருந்து ஜெபிப்பதா? வாசிப்பது உதட்டு ஜெபம் என்கிறார்களே?

உதட்டு ஜெபம் இரண்டிலும் உண்டு. புத்தகம் இல்லாமல் ஜெபிக்கிறவரும் தினமும் அதே பத்து வார்த்தைகளைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார், கவனித்துப் பாருங்கள்.

மனப்பாடமான ஜெபம் நம் கரையில் எப்படி வந்தது என்று கொஞ்சம் யோசிக்கலாம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களை உட்கார வைத்து, கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழாக்கி, தான் மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் அதை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்கும் வேலைக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கடற்கரை ஜனத்திடம் அந்த வார்த்தைகள் அப்படித்தான் தங்கின. சவேரியார் கிளம்பிப் போனார், வார்த்தைகள் போகவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கான அதன் ஆராதனை ஒழுங்கு 1950இல் வந்தது. அதில் வருகிற பாவ அறிக்கையை நான் ஆயிரம் தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். தொள்ளாயிரம் தடவை கவனமில்லாமல் சொல்லியிருப்பேன் என்பதும் உண்மை. ஆனால் எனக்குள் வார்த்தையே வற்றிப் போன நாட்களில் அந்த வார்த்தைகள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போயின. சொந்த வார்த்தை வருகிற நாளில் சொந்த வார்த்தை, வராத நாளில் சபையின் வார்த்தை. வீட்டில் அரிசி இல்லாத அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவதில்லையா?

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கிவிழுகிறார்கள். என்ன செய்வது?

சுருக்குங்கள். அப்பா இருபது நிமிடம் ஜெபிக்கிற வீட்டில் பிள்ளை தூங்கத்தான் செய்யும். ஒரு பாட்டில் இரண்டு சரணம், ஒரு சிறு பகுதி வாசிப்பு, அப்புறம் ஆளுக்கு ஒரு வரி ஜெபம். பிள்ளையையும் ஒரு வரி சொல்ல விடுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் "எங்க நாய்க்கு வயித்தால போவுது ஆண்டவரே" என்று ஜெபித்தான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அந்த அறையில் உண்மையாக ஜெபித்தவன் அவன்தான் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சாப்பிட்ட பிறகு யாருக்கும் கண் நிற்காது.

பழைய திருப்புதல் வேதாகமம் புரியவில்லை. வேறு மொழிபெயர்ப்பு வாசிக்கலாமா?

தாராளமாக. கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. அதை வாசித்துப் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். மனப்பாடம் செய்ய எனக்குப் பழைய திருப்புதல்தான் பிடிக்கும், அதன் ஓசை நாவில் நிற்கும். அது என் பழக்கம். பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர்கூட (குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்) அந்தக் காலத்துத் தமிழ் ஜனத்துக்குப் புரிய வேண்டும் என்றுதான் புதிய ஏற்பாட்டைத் திருத்தி எழுத உட்கார்ந்தார். புரிவதற்காக மாற்றுவது பாவம் இல்லை.

எனக்குப் பாட்டு வராது. ராகமும் தெரியாது.

ஆண்டவர் பாட்டுப் போட்டி நடத்தவில்லை. முணுமுணுங்கள்.

ஆனால் கீர்த்தனையை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரும், கரையிருப்பில் 1827இல் பிறந்து கம்பனில் ஊறி வளர்ந்த கிருஷ்ண பிள்ளையும் நமக்குத் தமிழின் ராகத்திலும் யாப்பிலும் துதியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கீர்த்தனை மனப்பாடமாக இருந்தால், கரண்ட் போனாலும் கண் மங்கினாலும் அது கூடவே இருக்கும். மாதத்துக்கு ஒன்று படியுங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு ஆகிறது.

வேலையே ஆராதனை என்கிறார்கள். எந்த வேலையும் அப்படியா? நான் பீடி சுற்றுகிறேன்.

இதைக் கேட்டது ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். கேட்கும்போது தலை குனிந்திருந்தாள். என் சித்தியும் பீடி சுற்றியவள்தான். மடியில் சுளவு என்கிற முறம், ஈரத்துணியில் பொதிந்த இலை, இரும்புத் தகடு, கத்தரி. தகட்டை வைத்து இலையை வெட்டி, தூளை நிரவி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பாள். கண் சுளவில் இருக்காது, எங்கள் வீட்டுப்பாட நோட்டில் இருக்கும். ஒரு கட்டு முடிந்தால் ஒரு சங்கீதத்தில் இரண்டு வசனம் சொல்வாள், அடுத்த கட்டு முடிந்தால் அடுத்த இரண்டு. அந்தச் சுளவுதான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

புகையிலை கேடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தூள் சித்தியின் மூச்சையும் விட்டு வைக்கவில்லை. அதனால் "எந்த வேலையும் ஆராதனைதான்" என்று வாய்க்கு வந்தபடி சொல்ல மாட்டேன். ஆனால் வேறு வழியில்லாமல் சுளவைப் பிடித்திருக்கிற பெண்ணிடம் "உன் கை தீட்டு" என்று சொல்கிற உரிமை எனக்கு இல்லை. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: சுற்றிக்கொண்டே ஜெபி. ஜெபத்தில் வேறு வேலையும் கேள். மகளிர் குழுவில் தையல் சொல்லித் தருகிறார்கள், அங்கேயும் போய்க் கேள். ஜெபிக்கிற வாய்தான் விசாரிக்கவும் வேண்டும்.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு நீதிமொழிகள் 11:1 போதும்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." கடைச் சுவரில் வசனக் காலண்டர் தொங்கவிட்டு, கருப்பட்டி நிறுக்கும்போது தட்டில் விரலை வைத்தால், அந்த வசனமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். வாத்தியாருக்கு அது பாடம் தயாரிப்பது, ஆபீசில் இருக்கிறவருக்கு ஒரு பாட்டியை நாலு தடவை அலைய விடாமல் முதல் தடவையே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. காலை மாலை என்று ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

சங்கீதக்காரன் "ஒருநாளில் ஏழுதரம்" துதிக்கிறேன் என்கிறான். எந்த ஏழு மணி என்று சொல்லவில்லை. கடிகாரத்தை விட்டுவிட்டு ஷிப்டைப் பிடியுங்கள். கேட்டுக்குள் நுழையும்போது ஒன்று, சாப்பாட்டு டப்பா திறக்கும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. இரவு ஷிப்டில் விழித்திருக்கிறவர்களுக்கு சங்கீதம் 134 இருக்கிறது. மூன்றே வசனம், இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிறவர்களுக்கென்று பாடினது.

வீட்டில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். வெளிப்படையாக ஜெபித்தால் சண்டை வருகிறது.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபி என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். உங்களுக்கென்று ஒரு அறை இல்லாவிட்டால் அடுப்படி இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது. உரக்கப் பாடி நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. மாமியாருக்கு முட்டுவலித் தைலம் தேய்த்துவிடும்போது மனதுக்குள் அவர்களுக்காக ஜெபியுங்கள். தைலம் மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆனால் தனியாகவே இருந்துவிடாதீர்கள். சபையில் நம்பிக்கையான ஒரு அக்காவிடமாவது உங்கள் நிலைமையைச் சொல்லி வையுங்கள். அடி உதை என்று போனால் அதைப் பொறுத்துக்கொள்வது ஆராதனை ஆகாது. உடனே உதவி கேளுங்கள்.

அண்ணனோடு பேச்சு இல்லை. திருவிருந்து எடுக்கலாமா?

மத்தேயு ஐந்தாம் அதிகாரம் நேராகவே சொல்கிறது: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து."

எனக்கும் என் அண்ணனுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு வந்து மூன்று வருடம் பேச்சு இல்லை. ஊருக்குப் போனால் ஒரே கோயில், அவன் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுக்கிற இடம் வரும். குருவானவரிடமிருந்து கை கையாக வந்து பெஞ்சு பெஞ்சாகப் போகும். ஒரு ஈஸ்டர் அன்று என் மதினி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், வேறு இடம் இல்லை. சமாதானம் அவளிடம் வந்தது. என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள். கையெல்லாம் மருதாணி. நான் பிடித்தேன், ஆனால் மனசு பிடிக்கவில்லை. அன்றைக்கு அப்பம் வாங்க எழுந்திருக்க முடியவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். "வா" என்று மட்டும் சொன்னான். கிணற்றைப் பற்றிப் பேசவே இல்லை. மதினி பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். கிணற்று விவகாரம் தீர இன்னும் ஒரு வருடம் ஆனது, என் பங்கில் கொஞ்சம் விட்டுக் கொடுத்துத்தான் தீர்ந்தது. ஆனால் அடுத்த மாதத் திருவிருந்தில் நான் எழுந்து போனேன்.

இதே கேள்விக்குள் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சபைத் தேர்தல் சண்டையில் முகம் திருப்பிக்கொண்டவர்கள், சாதி பார்த்துப் பெண் கொடுக்க மறுப்பவர்கள், இன்னொரு தெருக்காரர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறோம். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக ஜனத்தைப் பிரித்து நின்ற கோயில் சுவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடிக்கப்பட்டது. சுவர் போய் நூறு வருடம் தாண்டிவிட்டது. மனசுக்குள் கட்டின சுவரை வைத்துக்கொண்டு நாம் பாடுகிற பாட்டை ஆமோஸ் தீர்க்கதரிசி "இரைச்சல்" என்கிறான். அடுத்த வசனத்தில், நீதி வற்றாத நதியைப்போலப் புரண்டு வர வேண்டும் என்கிறான். ஆற்றங்கரையில் வாழ்கிற நமக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அசனம் போடுவது எப்படி ஆராதனை ஆகும்? சாப்பாடுதானே?

சாப்பாடுதான். ஊர்க்கோயில் பண்டிகையில் எல்லார் வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் வேகிறது. பணக்காரர் கொடுத்த மூட்டை எது, விதவை கொடுத்த படி எது என்று சோற்றில் தெரியாது. எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். எந்த மதத்துக்காரர் வந்தாலும் இலை உண்டு.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் பெய்த மழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். அசனத்துக்கு எடுக்கிற அண்டாக்களைக் கழுவி அடுப்பில் ஏற்றினோம். முதல் நாள் வெறும் கஞ்சியும் துவையலும். விறகு நனைந்து புகைந்தது. ஒரு முஸ்லிம் அம்மா பேத்திக்குப் பால் காய்ச்ச இடம் கேட்டார். பீடத்துக்குப் பக்கத்து அறையில் கெரசின் அடுப்பை வைத்துக் கொடுத்தோம். குருவானவரின் மனைவி ஐயரம்மா கால் முட்டுவரை சேறோடு நின்று தட்டுக் கழுவினார்கள். மூன்று நாள் மண்டபத்தில் ஒரு பாட்டும் பாடவில்லை, ஒரு பிரசங்கமும் இல்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸ் கீத பவனியில் சேர்ந்த பணம் பாய்க்கும் போர்வைக்கும் போனது. என் வாழ்க்கையில் நான் கலந்துகொண்ட பெரிய ஆராதனை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

துக்கத்தில் ஜெபமே வரவில்லை. விசுவாசம் போய்விட்டதா?

இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்கிற சங்கீதம் 13 வேதத்தில்தான் இருக்கிறது. சங்கீதம் 88 இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஆலயத்தில் பாடத்தான் எழுதி வைத்தார்கள். முறையிடுவதும் அவரிடம் பேசுவதுதான்.

அப்பா இறந்த பிறகு எனக்கு வாரக்கணக்கில் ஜெபம் வரவில்லை. எதிர் வீட்டுப் பெரியம்மை சாயங்காலம் வருவாள். "எப்படி இருக்க" என்றுகூடக் கேட்க மாட்டாள். சுவரோரம் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு, என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போவாள். எனக்காக அவள் ஜெபித்தாள், எனக்குப் பதிலாகவும் ஜெபித்தாள். துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காரணம் சொல்லாதீர்கள். "தேவ சித்தம்" என்று முதல் நாளே சொல்லாதீர்கள். வாசித்துவிட்டு வாருங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவுக்கு ஆராதனை என்று என்ன இருக்கிறது?

டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார்கள். 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்தான். அந்த அறையிலிருந்தே ஜெபித்தார்கள், எழுதினார்கள், பிள்ளைகளை வரவழைத்துப் பேசினார்கள். கல்லறையில் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டி மட்டும், தாயைக் குறிக்கிற ஒரே சொல்லோடு இருக்கிறது.

உங்கள் அம்மாவிடம் பெயர்களைக் கொடுங்கள். பரீட்சை எழுதுகிற பேரன், வேலை தேடுகிற மருமகன், பிரசவத்துக்கு நிற்கிற பக்கத்து வீட்டுப் பெண். "நீங்கதான் இவங்களுக்காக ஜெபிக்கணும்" என்று பொறுப்பாகச் சொல்லுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிற நேரத்துக்கு ஒரு வேலை கிடைக்கும். முடிந்த காரியத்தை மறக்காமல் வந்து சொல்லவும் வேண்டும்.

யூடியூபில் ஆராதனை பார்த்தால் போதுமா?

முடியாதவர்களுக்கு அது நல்ல உதவி. எழுந்து நடக்க முடிகிறவர்கள் கோயிலுக்குப் போங்கள். திரை உங்களுக்கு அப்பம் பிட்டுத் தராது, நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டு வீடு தேடி வராது.

ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இடையன்குடிக்கு ஒரு தடவை போய் கால்டுவெல் ஐயர் கட்டின கோயிலைப் பாருங்கள். 1847இல் அஸ்திபாரம், 1880இல் பிரதிஷ்டை. முப்பத்து மூன்று வருடம். இடையில் எத்தனை நாள் வேலை நின்றிருக்கும், எத்தனை தடவை பணம் இல்லாமல் காத்திருந்திருப்பார்கள். விட்ட இடத்தில் கல் அப்படியேதான் இருக்கும். விட்ட நாட்களை எண்ணாதீர்கள், விட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஜெபிக்கவும் பார்க்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி கதவைத் தாழிடத்தான் போகிறீர்கள். அங்கே தொடங்கலாம்.

டீச்சர், உங்க ஆச்சியோட அந்த அரிசிக் கலயம் இப்ப எங்க இருக்கு?

போன வருடம் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. ஆச்சி இறந்து ஊர் வீட்டைப் பிரித்தபோது பெரிய பானை உடைந்துவிட்டது. கலயம் என் தங்கச்சி வீட்டில், கோயம்புத்தூரில், ஏழாவது மாடி அடுப்படியில் இருக்கிறது. விரிசலில் ஆச்சி வைத்த சுண்ணாம்பு உதிர்ந்து, இப்போது பிளம்பர் பசை ஒட்டியிருக்கிறது. அவள் வீட்டில் குக்கருக்கு அளக்கிற டம்ளரிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மகன் அதைப் பையில் கொட்டி, அந்தக் குடியிருப்பின் காவலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறான்.